மேற்கு மதிலும் இருபத்திரண்டு பாசுரமும்

ஆவணி மழையில் எங்கள் வீட்டு மதில் விழுந்தது. ஒரேயடியாக விழுந்திருந்தால் ஒரு நாள் வருந்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். கிழக்குப் பக்கம் திங்களன்று சாய்ந்தது. தெற்குப் பக்கம் வியாழனன்று சாய்ந்தது. மேற்குப் பக்கம் மட்டும் பாதி நின்று, பாதி கிடந்து, தெருப் பசு உள்ளே வந்து துளசியை மேய வழிவிட்டு, ஒரு மாத காலம் என் பொறுமையை மேய்ந்தது. வடக்கில் இருப்பது அடுத்த வீட்டாரின் சுவர். அது எங்கள் பொறுப்பன்று என்பதே அந்த மழைக்காலத்தில் எனக்கு வாய்த்த ஒரே ஆறுதல்.

மீண்டும் கட்டுவதென்று தீர்மானித்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: காவிரி மணல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெருமாள் பள்ளிகொண்ட தீவை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆறு, நாங்கள் இருக்கும் மைசூரிலிருந்து அரை மணிப் பயணத்தில் இருக்கிறது. அதன் மணல் நாலு வண்டி, பெருமாள் எழுந்தருளியிருக்கும் வீட்டைச் சுற்றி நிற்பதற்குக் கேட்பது பேராசையா? பேராசை என்றார்கள் எல்லோரும். ஆற்று மணலை அள்ளவே கூடாது என்றார் ஒருவர். கிடைத்தாலும் பாதி சேறாக இருக்கும் என்றார் இன்னொருவர். கடைக்காரன் கருங்கல்லை இயந்திரத்தில் நொறுக்கிப் பொடித்த எம்-சாண்டைக் கையில் அள்ளிக் காட்டி, "இதுவே இப்ப மணல் ஸார்" என்றான், ஏதோ நான்தான் நெடுநாள் உறங்கி எழுந்தவன் போல.

இதுவே போதாதென்று என் மருமகள் வந்தாள். அவள் இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பிரிவில் பாடம் நடத்துகிறவள். என் மகன் வார நாட்களைப் பெங்களூரில் கழிப்பவன். ஆகவே வீட்டில் நானும் அவளும்தான். தளிகை என்கிற சமையலை முடித்து, கோயிலாழ்வார் என்று நாங்கள் சொல்லும் பூஜை மாடத்துப் பெருமாளுக்கு அமுது காட்ட எடுத்து வைத்து, ஒன்பதே காலுக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பவளை நான் குறை சொல்லலாகாது. ஆயினும் சொன்னேன். இந்த ஆண்டு நிறையவே சொன்னேன்.

"மாமா, எம்-சாண்ட் மட்டும் வேண்டாம். நாலு பங்கு மணல்ல ஒரு பங்கு ஃபவுண்டரி மணல் சேர்த்துக்கலாம். காலேஜ்ல டெஸ்ட் பண்ணியாச்சு."

"அது எந்த மணல்?"

"இரும்பை உருக்கி வார்க்கறாளே, அந்த அச்சுக்குப் போடற மணல். திரும்பத் திரும்ப உபயோகப்படுத்திட்டு, முடியாமப் போனா வெளில கொட்டிடுவா. நஞ்சன்கூடு பக்கம் குன்று மாதிரி கெடக்கு."

"கொட்டினதை அள்ளிண்டு வந்து பெருமாள் இருக்கற ஆத்தைச் சுத்திக் கட்டணுமா?"

"ஆத்தைச் சுத்தித்தானே மாமா. ஆத்துக்குள்ள இல்லையே."

இப்படிப் பதில் சொல்கிறவளோடு எந்த வாதத்தில் வெல்ல முடியும்? லாரி வந்தது. வாசலில் மணலைக் கொட்டினார்கள். கரி அரைத்துக் கொட்டியது போன்ற கறுப்பு. காற்றடித்தால் என் வேட்டியின் வெண்மை போயிற்று. மிதித்துவிட்டு உள்ளே வந்தால் கூடம் முழுவதும் என் பாதச்சுவடு. மருமகளோ பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி அந்தக் குவியலின் மேல் இழுத்துக்கொண்டு போனாள். இரும்புத் துணுக்குகள் மீசை முளைத்ததுபோல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. "பாத்தேளா, எவ்ளோ சுத்தம் பண்றோம்!" என்றாள். இத்தனை சுத்தம் செய்ய வேண்டிய பொருளை ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே போனேன்.

மேஸ்திரி கொள்ளேகாலைச் சேர்ந்தவர். அவர் மனைவியே கலவை போடும் சித்தாள். கணவர் வாய் திறப்பதற்குள் மனைவி மூன்று பேச்சுப் பேசிவிடுவாள். எங்கள் பேட்டையில் ஆழ்வார்களின் பாசுரங்களைச் சேவிப்பதற்கென்றே ஒரு சிறு சபை உண்டு. 'சேவிப்பது' என்றால் எங்களுக்குப் பெருமாள் முன்னே ஓதுவது. சபைக் கட்டடத்தின் பின்புறம் மடப்பள்ளி கட்டப்போகிறார்கள். என் வீட்டு மதில் நன்றாக அமைந்தால் அந்த வேலையை இவருக்கே, இதே மணலோடு, கொடுப்பதாகச் சபையின் காரியதரிசி வாக்களித்திருந்தார். "அது கெடைச்சிருச்சுன்னா சாமி, ஆடி வரைக்கும் ஊரூரா பஸ் ஏற வேண்டாமுங்க," என்றார் மேஸ்திரி முதல் நாளே. "புள்ளைங்களை இங்கயே பள்ளிக்கோடத்துல சேத்திக்கலாமுங்க." அந்தத் தம்பதிக்கு என் மதில் வெறும் மதில் அன்று. இதை அறிந்தே நான் பின்னால் செய்ததைச் செய்தேன் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கல் கட்டு முடிந்து பூச்சு வேலை தொடங்கும் நாளில் மருமகள் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தாள். அந்தக் கறுப்பு மணலில் களிமண் கலந்திருக்கும். சல்லடையில் சலித்தாலும் பயறளவுக் கட்டிகள் தப்பிவிடும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு, உலர்ந்த நிலையிலேயே சிமெண்டையும் இரண்டு மணலையும் பத்து நிமிடம் மண்வெட்டியால் புரட்டினால் கட்டிகள் உடைந்து பொடியாகிவிடும். உடையாமல் தண்ணீரைக் கண்டால் அவை ஊறி உப்பி, பூச்சைத் தள்ளிவிடும்.

"பத்து நிமிஷம் மாமா. கொறையப்படாது. நான் காலேஜ் போயிடுவேன். நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்கோ."

"கடிகாரத்தை யார் பார்த்துண்டு உக்காருவா? நான் காலையில கோயிலாழ்வார் முன்னாடி சேவிக்க ஆரம்பிக்கறச்சேதானே நீ பெருமாளுக்குப் பால் காய்ச்ச வைக்கறே. அது எத்தனை நிமிஷம்?"

"சிம்ல வெச்சு, சக்கரை போட்டு, ஆத்தி... பத்து நிமிஷம்."

"நான் ரெண்டு பதிகம் சேவிச்சு முடிக்கறதும் நீ பாலோட வரதும் ஒண்ணாத்தான் இருக்கும். அப்ப ரெண்டு பதிகம்னா பத்து நிமிஷம். தீந்தது."

பதிகத்துக்குப் பத்தும் பலன் சொல்லும் ஒன்றுமாகப் பதினொன்று; ஆக இருபத்திரண்டு பாசுரம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சேவிக்க, மேஸ்திரியின் மனைவி புரட்டினாள். இருபத்திரண்டாவது முடிந்ததும் "ஆச்சு" என்பேன், தண்ணீர் ஊற்றுவார்கள். "சாமி பாட்டு முடியறப்ப என்ற இடுப்பும் முடிஞ்சு போவுது," என்பாள் அவள். "இதுக்குச் சின்னப் பாட்டா ஒண்ணும் இல்லீங்களா?" மேஸ்திரி அவளை அதட்டுவார். எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். கழிவு மணலில் கட்டினாலும் பாசுரம் கேட்ட கலவையில் கட்டுகிறோம் என்று என் மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன். கிழக்கும் தெற்கும் இப்படியே பூசி முடிந்தன.

மேற்குப் பக்கத்துக்கு முன்பு மழை பிடித்துக்கொண்டது. அது விடுவதற்குள் கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்குப் பின் தை மாதத்தில் ஒரு நாள் வரும்வரை, எங்கள் வழக்கத்தில் ஆழ்வார்கள் பாடிய மூலப் பாசுரங்களை வீட்டில் சேவிப்பதில்லை. அந்தக் காலத்துக்கு அனத்தியயனம் என்று பெயர். அப்போது ஆசாரியர்கள் அருளிய வேறு பாசுரங்களை, பெரும்பாலும் வெண்பாக்களை, அவற்றுக்கு ஈடாகச் சேவிப்போம். ஓரிரு விலக்குகள் உண்டு. அவை இங்கே வேண்டாம். நான் இம்முறையை ஒரு நாளும் வழுவியவன் அல்லேன். ஆகவே வாசல் நாற்காலியிலும் மூலம் நின்றது, வெண்பா வந்தது. எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை. இருபத்திரண்டு.

மருமகள் ஒரு நாள் காலையில், பாலை வைத்துக்கொண்டே, "மாமா, கழிவு மணல் மாத்து மணல்னு என்னை இத்தனை திட்டறேளே, இந்த ரெண்டு மாசம் நீங்களும் மாத்துப் பாசுரம்தானே சேவிக்கறேள்?" என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆசாரியர் வாக்கையும் ஆலைக் குப்பையையும் ஒரே மூச்சில் பேசலாமா? தவிர, அந்த நாட்களில் அவள்மேல் எனக்கு வேறொரு சலிப்பும் இருந்தது. பால் தினமும் தாமதமாக வந்தது. நான் சேவித்து முடித்து, கை கூப்பி, பெருமாளைப் பார்த்து, சுவரைப் பார்த்து, மீண்டும் பெருமாளைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். உள்ளே கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். "பெருமாளைக் காக்க வைக்கறயேம்மா!" என்று குரல் கொடுப்பேன். "வரேன் மாமா, சும்மனே கத்தாதேங்கோ!" என்று பதில் வரும். கல்லூரி வேலை, கைப்பேசி, இக்காலத்துப் பெண்களின் அவசரம் என்று அதற்கு நானே காரணங்களை அடுக்கிக்கொண்டேன்.

மேற்கு மதில் பூசிய நாட்களில் மேஸ்திரியின் மனைவி இரண்டு முறை மண்வெட்டியை நிறுத்திச் சொன்னாள்: "சாமி, நெறம் இன்னும் ஒண்ணாவலீங்க. வரி வரியா நிக்குது பாருங்க."

"இருபத்திரண்டு ஆச்சும்மா. கணக்கு கணக்குதான். தண்ணியை ஊத்து."

"முந்தியெல்லாம் இந்நேரத்துக்குக் கருப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாட்டம் ஆயிரும்ங்க..."

"இடுப்பு முடிஞ்சு போறதுன்னது நீதானே? இப்ப இன்னும் புரட்டணுங்கறயா? ஊத்து!"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தார்.

பூச்சு உலர்ந்து, தினமும் தண்ணீர் அடித்து, ஒரு வாரம் சென்றது. பிறகு மேற்கு மதிலில் ஒரு குழி விழுந்தது, கட்டைவிரல் நகமளவு. மறுநாள் பத்து. மார்கழி நடுவில், பூச்சு ஆங்காங்கே செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே கருந்திட்டுகள் தெரிந்தன. எனக்கு வருத்தத்தை விட, என் வாக்குப் பலித்துவிட்டதென்ற ஒரு கெட்ட திருப்தியே முந்திக்கொண்டு வந்தது. கண்டவரிடமெல்லாம் சொன்னேன்: கழிவு கழிவுதான், அதைக் கையாளத் தெரியாத மேஸ்திரி வேறு.

காரியதரிசி கைத்தடியோடு வந்து சேர்ந்தார். அவரும் நானும் ஒருவரையொருவர் 'தேவரீர்' என்று விளித்துக்கொண்டே ஐம்பது ஆண்டுகளாகக் குத்திக்கொண்டிருக்கிறவர்கள்.

"தேவரீர் ஆத்து மதிலுக்கு அம்மை போட்டிருக்கு போலிருக்கே?"

"மணல் அப்படி. வேலையும் அப்படி."

"நல்லவேளை, மடப்பள்ளியில ஆரம்பிக்கலை. வேற மேஸ்திரியைப் பாத்துடலாம். வர சபைக் கூட்டத்துல தீர்மானம் பண்ணிடறேன்."

நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

செய்தி மேஸ்திரிக்கு எட்டியது. அன்று மாலையே இருவரும் வந்தனர். அவர் கரணையின் கைப்பிடியால் மதிலைத் தட்டித் தட்டிக் காது கொடுத்து நடந்தார். கிழக்கில் டக் டக்கென்று கல்லின் ஒலி, தெற்கிலும் அதுவே. மேற்கில் மண்சட்டியைத் தட்டியது போல் பொத் பொத்தென்ற ஒலி. மருமகள் உதிர்ந்த துண்டொன்றை எடுத்து விரலால் நசுக்கினாள். நடுவிலிருந்து ஒரு களிக்கட்டி கறுப்புப் பொடியாக அவள் உள்ளங்கையில் கொட்டியது.

"மாமா, இது கலக்கவே இல்லை. கட்டி கட்டியா நின்னுருக்கு. பத்து நிமிஷம் பாத்தேளா?"

"இருபத்திரண்டு பாசுரம். ஒண்ணு கொறையலை."

மேஸ்திரியின் மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்: "எங்க கையிலதானுங்க தப்பு. நாங்கதான் பாத்துருக்கோணும்." அவள் அவரை முறைத்தாள், பிறகு என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருளை நான் அப்போது விளங்கிக்கொள்ள முயலவில்லை. திண்டாடுகிறார்கள், பாவம் என்று மட்டும் நினைத்தேன்.

தை பிறந்து, அனத்தியயனம் முடிந்த நாள் வந்தது. நீராடி, திருமண் இட்டு, கோயிலாழ்வார் முன் அமர்ந்தேன். இரண்டு மாதம் அடைபட்டிருந்த மூலப் பாசுரங்கள் நாவுக்கு வந்தன. ஆற அமர, ஒவ்வோர் அடியையும் சுவைத்துச் சேவித்தேன். இருபதாவது பாசுரத்தில் இருக்கும்போது வெள்ளிக் கிண்ணத்தில் பாலோடு மருமகள் வந்து நின்றாள். இருபத்திரண்டாவதை முடித்துத் திரும்பினேன்.

"இன்னிக்காவது நேரத்துக்கு வந்தயே!"

"நான் என்னிக்கும் இதே நேரம்தான் மாமா. அடுப்பு அதே அடுப்பு, பால் அதே பால். நீங்கதான் ரெண்டு மாசமா பாதியிலயே முடிச்சுட்டு உக்காந்திண்டு என்னைத் திட்டிண்டிருந்தேள்."

பாலை அமுது செய்வித்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதிகப் பாசுரம் நீண்ட அடிகளாக நடப்பது. வெண்பாவோ நாலே அடியில், அதிலும் கடைசி அடி குறுகி, முடிந்துவிடுவது. சிறு வயதிலிருந்து இரண்டையும் சேவிப்பவனுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? எண்ணிக்கை அதுவே; நேரம் பாதி. நான் பால் விஷயத்தில் மருமகளைத் திட்டிய ஒவ்வொரு காலையும், வாசலில் அந்தப் பெண்மணியின் மண்வெட்டியைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அவள் கண் கண்டதைச் சொன்னாள். நான் கணக்கைச் சொன்னேன்.

எழுந்து மேற்கு மதிலின் முன் போய் நின்றேன். ஒவ்வொரு குழியும் என்னைப் பார்த்தது போலிருந்தது. மணல் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அன்று மாலைதான் சபைக் கூட்டம். எல்லோரும் சுண்டல் தொன்னையும் கையுமாக அமர்ந்திருக்க, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "மேஸ்திரியை மாத்த வேண்டாம். தப்பு அடியேனுது. அவர் மனைவி ரெண்டு தரம் சொல்லியும் அடியேன் கேக்கலை," என்று முடித்தேன். மன்னித்து மேலே செல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இந்தச் சபையை இன்னும் அறியாதவனாக இருந்திருக்கிறேன்.

"அப்போ தேவரீர் இருபத்திரண்டு வெண்பாவை அஞ்சே நிமிஷத்துல முடிச்சுட்டேளா?" என்றார் காரியதரிசி.

"ஏறக்குறைய."

"ரயிலைப் பிடிக்கற வேகமாச்சே! ஆசாரியன் திருவாக்கு அது. நின்னு நிதானிச்சுன்னா சேவிக்கணும்!"

"ஸ்வாமி, விஷயம் மேஸ்திரி..."

"மேஸ்திரி இருக்கட்டும். ஒரு வெண்பாவுக்கு எவ்வளவு நேரம்? அதைச் சொல்லும்."

முக்கால் மணி நேரம் வெண்பாவின் வேகத்தைப் பற்றி வாதம் நடந்தது. இருவர் சேவித்தே காட்டினர். என் வீட்டு மதிலையும், ஒரு குடும்பத்தின் ஆடி வரைக்குமான பிழைப்பையும் ஒருவரும் நினைக்கவில்லை. கடைசியில் நான் எழுந்து, இதுவரை அந்தச் சபையில் உயர்த்தாத குரலை உயர்த்தினேன். அதன் பிறகே தீர்மானம் வந்தது: மேற்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, அதே ஆட்கள் அதே மணலில் மீண்டும் பூச வேண்டும்; ஒரு மாதம் தண்ணீர் விட்டுப் பார்ப்பது; நின்றால் மடப்பள்ளி அவர்களுக்கு.

மறுநாள் மேஸ்திரியின் மனைவியிடம் சொன்னேன்: "அம்மா, தப்பு என் மேல. அன்னிக்கு நீங்க சொன்னது சரி."

"அது எனக்குத் தெரியுமுங்க," என்றாள், முக்காட்டுத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே. "சாமிக்கு எப்பத் தெரியும்னுதான் இருந்தேன்." மேஸ்திரி இருமினார்.

மருமகள் தன் கைப்பேசியில் மணி வைத்துத் தருவதாகச் சொன்னாள். அது அடித்தால் ஏதோ குத்துப்பாட்டு அலறுகிறது, வேண்டாம் என்றுவிட்டேன். பழைய நாற்காலியில் பழையபடி உட்கார்ந்தேன். மண்வெட்டி எழுந்து விழுந்தது. இரண்டு பதிகம் முடிந்து, வழக்கம்போல் "ஆச்சு" என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டு, குவியலைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கருவரி.

"இன்னும் ஆவலீங்க சாமி. இன்னொண்ணு பாடுங்க."

மூன்றாவது பதிகத்தைத் தொடங்கினேன். அதன் ஏழாவது பாசுரத்தில் அவளே "ஆச்சுங்க" என்று மண்வெட்டியைச் சாய்த்தாள். பதிகத்தை நடுவில் நிறுத்தும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே அவர்கள் தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் பூசத் தொடங்கிய பின்னும் நான் பதினொன்றையும் முடித்தேன்.

மாசியில் காரியதரிசி வந்தார். சாவியால் கீறினார், தடியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். ஒரு குழியும் அகப்படாத ஏமாற்றத்தோடு, "இருக்கட்டும்" என்றார். மடப்பள்ளி வேலை தொடங்கிவிட்டது. அந்தத் தம்பதி சபைக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள்.

நேற்று மாலை இருவரும் என்னைத் தேடி வந்தனர். காரியதரிசியும் இப்போது கட்டுமிடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாராம். என்னைப்போல் வேகமாக ஓடிக் கெடுக்கக்கூடாதென்று, ஓர் அடிக்கு ஒரு மூச்சாக, நிறுத்தி நிதானித்துச் சேவிக்கிறாராம். தண்ணீர் ஊற்றிய பின்னும் முடித்தபாடில்லையாம்.

"அவரு பாடி முடிச்சாத்தான் கலவையைத் தொடோணுங்கறாருங்க. அதுக்குள்ள கலவை எறுகிக் கல்லாப் போவுதுங்க," என்றார் மேஸ்திரி.

"பாட்டுக்காகக் காத்திருக்காதீங்கோ. மணலோட நிறத்தைப் பாருங்கோ," என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள் அவர் மனைவி. "அவருகிட்ட ஆரு சொல்றது?"

இருவரும் என்னையே பார்த்தனர். நாளைக் காலை, பால் அமுது செய்வித்த கையோடு, நான் சபைக்குப் போக வேண்டும்.